விடுபட்டதை நிரப்பு

லேப்டாப் திரையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'வாசல் கதவு: நிர்மல், உள்ளே.'

நிர்மல் அகல்யாவின் கணவன். பூந்தமல்லி பைபாஸில் பைக்கில் போகையில் லாரி மோதி அவன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

நூம்பல் ஃப்ளாட்டில் அது மழை மாலை. ஜன்னல் கம்பியில் நீர் சொட்டும் சத்தமும், காயாத துணிகளின் வாடையும், உள்ளறைத் தூளியில் தூங்கும் குழந்தை மகிழின் சீரான மூச்சும் தவிர வீட்டில் வேறெதுவும் இல்லை. அகல்யாவுக்கு மென்பொருள் கையேடு எழுதும் வேலை. பல இடத்துத் தகவல்களை ஒன்றுசேர்க்கும் மென்பொருளில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது: 'விடுபட்டதை நிரப்பு'. ஒருவரைப் பற்றிய தகவல் நின்றுபோனால், அவருடைய பழைய பழக்கத்தைப் பார்த்து அதுவே எழுதிக்கொள்ளும். கையேட்டில் போட ஸ்க்ரீன்ஷாட் வேண்டும். ஆபீஸ் கொடுத்த மாதிரித் தகவல் மக்கர் செய்ததால், மகராசி, தன் வீட்டு ஸ்மார்ட் கதவு, விளக்கு, ஃபேன் தானாகக் குறித்துவைக்கும் பதிவுகளையே இணைத்துத் தொலைத்திருந்தாள்.

அந்த வசதியை உருவாக்கிய செல்வகுமாருக்கு போன் போட்டாள்.

"உன் ஊட்டு கதவையா குடுத்துகினு கீற?" என்றான். "பயப்படாத. அது எழுதத்தான் செய்யும், எதையும் தொறக்காது. ஆஃப் பண்ணிடு."

ஆஃப் செய்தாள். அடுத்த வரி வந்தது. 'பாத்ரூம் விளக்கு: ஆன்.'

கூடத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தது. தண்ணீர் திறக்கும் சத்தம். மழையில் நனைந்த ஹெல்மெட்டின் புளித்த வாடை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகுதான் மீதி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கால் கழுவுவான். உள்ளறையில் ஃபேன் போடுவான். தூங்குகிற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வேலப்பன்சாவடி வரை பைக்கில் ஒரு ரவுண்டு. தினமும்.

'உள்ளறை ஃபேன்: ஆன்.'

ஓடினாள்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. காலி.

மகிழ் அழவில்லை. நிர்மலின் தோள் உயரத்தில், ஒன்றுமே இல்லாததன் மேல் கன்னம் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டை முதுகில் ஐந்து விரல் ஈரம்.

அகல்யா கை நீட்டினாள். எட்டவில்லை. குழந்தை அவளைக் கடந்து போனது.

மேசையில் லேப்டாப் சிணுங்கியது. அந்த வரியை அவள் படிக்கவேண்டியிருக்கவில்லை.

பூட்டு திறந்தது.

படிக்கட்டு இருட்டில், ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில், மகிழின் கொலுசுக் கால் ஆடியபடி இறங்கிப் போனது.