எல்லாரும் ஏறியாச்சு

உதய்ப்பூரிலிருந்து திரும்பி வந்த மூன்று வாரத்தில் அலமு ஒரு தடவைகூட ஹீட்டரைக் கூட்டி வைக்கவில்லை.

அதைக் கவனித்தபோது மணிவாசகத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் ஹால் சுவரில் இருந்த அந்தச் சின்ன டப்பாவைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அவர் குறைப்பார், அவர் தலை மறைந்ததும் அவள் கூட்டுவாள். இப்போது வெளியே தொண்ணூற்றாறு ஜனவரியின் குளிர் காதைக் கடிக்கிறது, இவளோ வெறுங்காலோடு, ஸ்வெட்டர்கூட இல்லாமல், பின்பக்க ஜன்னலில் நின்று உறைந்து கிடக்கும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "புழுக்கமா இருக்குங்க" என்கிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மணிவாசகம் கனடாவில், மொன்ட்ரியாலை ஒட்டிய சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகத்தில் நீர்ப்பாசனம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். உலகத்தில் அவர் மதிக்கிற ஒரே ஆளுக்குத் தினமும் காலையில் அவரே சவரம் செய்துவிடுவார். மற்றபடி மாணவர்கள் மண்டுகள், குழாய் ரிப்பேருக்கு வரும் பிரெஞ்சுக்காரன் மடையன், மொன்ட்ரியாலில் உள்ள தமிழ் டாக்டர்கள் கார் வாங்கத் தெரிந்த கழுதைகள், யாழ்ப்பாணத்துக்காரர்கள் பேசுவது தமிழே இல்லை. அலமுவைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் என்று ஒன்றும் கிடையாது. அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள்.

உதய்ப்பூர் என்ற அந்த ஏரி நகரத்தை ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்பது அவள் கல்யாணமான புதிதில் கேட்டது. இத்தனை காலத்தில் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது அது ஒன்றுதான். போன டிசம்பரில், மதுரையில் ஒரு கல்யாணம் வந்ததால், போகிற போக்கில் காட்டித் தொலைத்துவிடலாம் என்று கைடோடு ஒரு நாள் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தார். காலையில் அரண்மனை, மத்தியானம் படகு, சாயங்காலம் கடைத்தெரு. கையில் கேம்கார்டர் இருந்தது. கண்ணை அதிலிருந்து எடுக்காமல் நாள் முழுவதும் அந்தக் கைடைக் கிண்டல் செய்துகொண்டே எடுத்த டேப்பை நாளைக்கு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டப்போகிறார். டாக்டர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது போதும்.

அந்தச் சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், டேப்பை ஒருமுறை ஓட்டிப் பார்க்க அவர் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். படியில் விரித்திருந்த கம்பளம் காலுக்கடியில் சொதசொதவென்று இருந்தது. வழியில் துணி துவைக்கிற அறையிலிருந்து குளத்துப் பாசி வாசனை, வெயிலில் காய்ந்த பாசி அல்ல, கல்லைப் புரட்டினால் அடியில் வழவழப்பாக இருக்குமே அந்த வாசனை, கதவிடுக்கு வழியாக மெதுவாக வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். கொடியில் அலமுவின் பச்சைச் சேலை தொங்கியது. உதய்ப்பூரில் அவள் உடுத்தியிருந்தது. மூன்று வாரமாகத் தொங்குகிறது, அதன் நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் ஒழுகிச் சேலையில் விழுகிறது, அந்தப் பிரெஞ்சுக்கார மடையன் ஒழுங்காக இறுக்கவில்லை என்று திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

டி.வி.யைப் போடுவதற்குள் போன் அடித்தது. மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி ஜெகதீஸ்வரி. கோயிலில் அலமுவுக்குப் பழக்கம். பஸ்ஸும் மெத்ரோ ரயிலுமாக ஏறி இறங்கி மாதம் ஒருமுறையாவது வந்து அலமுவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள்.

"அண்ணை, அக்காவுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"ஏன், நல்லாத்தானே இருக்கா."

"நேற்று வந்தனான் எல்லோ. கதவைத் திறந்தவ. ஆனா என்னை ஆரெண்டே தெரியாத மாதிரிப் பாத்தவ. கையைப் பிடிச்சனான், அண்ணை. ஐஸாக் குளிர்ந்து, ஈரமாக் கிடந்தது. கையில ஒரு காப்புக்கூட இல்லை."

"பயணக் களைப்பு. சரியாப் போயிடும்."

"மூண்டு கிழமையாகவோ?"

"உங்களுக்கு வேற வேலை இல்லையாம்மா?"

"கோவிக்காதேங்கோ அண்ணை. ஒருக்கா அவவின்ர முகத்தை வடிவாப் பாருங்கோ. அதுக்குத்தான் போன் எடுத்தனான்" என்றாள்.

அவர் போனை வைத்தார். நம்ம வீட்டு விஷயத்தில் இவளுக்கென்ன அக்கறை என்று பல்லைக் கடித்தார். சோபாவில் சாய்ந்து, ரிமோட்டை அழுத்திய பிறகும், முகத்தை நன்றாகப் பார் என்ற அந்த வார்த்தை மட்டும் காதில் நின்றது. அலமுவின் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். காபி கொண்டுவந்து வைக்கும் கை ஞாபகம் வந்தது. தட்டை எடுத்துப் போகும் முதுகு ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

திரையில் ஏரி பளபளத்தது. நடு ஏரியில் ஒரு சின்னக் கல் மண்டபம், அதன் படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் போகின்றன. படகு அதைவிட்டு நகரத் தொடங்குகிற இடம் அது. வெளுத்த கோட்டும் முறுக்கு மீசையுமாகக் கைடு எழுந்து நின்று, விரலை நீட்டி நீட்டி ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"பாரு, ஆடு மேய்க்கிறவன் மாதிரி எண்ணிட்டிருக்கான்" என்றது அவருடைய குரல், கேமராவுக்கு மிக அருகில், கொழுப்போடு. "இவனுக்கு இவ்வளவு தூரம் எண்ணத் தெரிஞ்சதே பெரிசு."

சோபாவில் மணிவாசகம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கைடின் தோளுக்குப் பின்னால், மண்டபத்தின் மேல்படியில், பச்சைச் சேலையில் ஒரு பெண் நின்று கையை வீசிக்கொண்டிருந்தாள். உருவம் சின்னதாக, கலங்கலாகத் தெரிந்தது. வேறு யாரோ, அடுத்த படகுக்கு நிற்கிறவள். ஆனால் அதே பச்சை. அதே கடுகுநிறக் கரை. அவருடைய கேலிப் பேச்சுக்கு அடியில், படகு மோட்டார் சத்தத்துக்கும் அடியில், மெலிசாக என்னவோ கேட்டது. சத்தத்தைக் கூட்டி, ரீவைண்ட் செய்து, மறுபடி போட்டார்.

"ஏங்க!"

அலமுவின் குரல்.

இப்போது அவள் மேல்படியில் இல்லை. கீழே இறங்கியிருந்தாள். கணுக்கால்வரை தண்ணீர். தோளில் அவளுடைய பழுப்புநிறப் பை, கையில் வளையல்கள், வெயிலில் மின்னின. "ஏங்க, நில்லுங்க! நான் இன்னும் ஏறலை!" என்று கத்தினாள். மணிவாசகத்துக்கு அந்த நாள் திரும்ப வந்தது. மண்டபத்தில் கல்லில் குடைந்த ஒரு ஜன்னல் இருந்தது. "ரெண்டு நிமிஷம், அதைப் பார்த்துட்டு வந்துடறேங்க" என்றாள். "பார்த்து என்ன கிழிக்கப்போற" என்று சொல்லிவிட்டு அவர் படகுக்கு நடந்தார். அவள் பின்னால் வந்தாள். வந்திருப்பாள். எப்போதும் வருகிறவள்தானே. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் கைடு அவரை நோக்கிக் குனிந்தான். "ஸார், ஒன் லேடி மிஸ்ஸிங். ப்ளீஸ் வெயிட்."

"எல்லாரும் ஏறியாச்சு, கிளம்பச் சொல்லுய்யா" என்றது அவர் குரல். பிறகு அதையே இங்கிலீஷில், குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

கைடு இன்னும் என்னவோ சொன்னான். அதன்மேல் அவருடைய சிரிப்பு விழுந்தது. கேமரா சற்று ஆடியது. படகின் மறுபக்கம் தெரிந்தது. தண்ணீர்ப் பக்கம். மண்டபம் அந்தப் பக்கம் இல்லை. கரையும் இல்லை. வெறும் ஏரி.

அங்கே படகின் விளிம்பை ஒரு கை பற்றியிருந்தது.

வெளிறிய கை. வளையல் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து வந்திருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? சீக்கிரம் ஏறு" என்றது அவர் குரல், பார்க்காமலே. அவருடைய கை திரைக்குள் நீண்டது. அந்தக் கையைப் பிடித்தது. இழுத்தது. "மெதுவா, மெதுவா. கேமரா நனைஞ்சிடப்போகுது." பச்சையாக ஒன்று திரையைக் கடந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

கேமரா மறுபடி கைடின்மேல் போய் நின்றது. அவன் வாயைத் திறந்தபடி அவருக்குப் பக்கத்து இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கைகளைக் கூப்பி, முதுகைத் திருப்பிக்கொண்டு படகின் மூக்கில் போய் உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்கு வராமல் பாதியில் காணாமல் போனான். பொறுப்பில்லாத பயல் என்று மணிவாசகம் அவனைப் பற்றிப் புகார்கூட எழுத நினைத்தார்.

கைடு சொன்னது என்ன? அது இப்போது கேட்டாக வேண்டும். ரீவைண்ட் செய்து, டி.வி.யின் அருகே மண்டியிட்டு, காதை வைத்துக் கேட்டார். அவருடைய சிரிப்பின் இடைவெளியில் அது துண்டு துண்டாக வந்தது. ஆள் குறைந்து படகு திரும்பக் கூடாது, ஸார். இந்த ஏரி காலி இடத்தை விட்டுவைக்காது.

நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அலமு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

இல்லை. முன்னே கணுக்கால்தான் இருந்தது. கண் ஏமாற்றுகிறது. மறுபடி ரீவைண்ட் செய்தார். மறுபடி போட்டார்.

கழுத்தளவு.

படத்தை நிறுத்தினார். திரையில் கோடுகள் துடித்தன. அவளுக்கு நீச்சல் தெரியாது. இவருக்குத் தெரியும் அது. வாய் திறந்திருந்தது, கண்கள் நேராக இவரைத்தான் பார்த்தன. இருபது வருடத்துக்கு மேல் கூடவே இருந்த முகம். மூக்கின்மேல் சின்ன மச்சம். ஒரு பக்கம் மட்டும் நரைத்த புருவம். எவ்வளவு நல்ல முகம். அவர் அழுதார். உண்மையாகவே அழுதார். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அவள் இறங்குகிறாள். இன்னொரு தடவை ஓட்டினால் அவள் இல்லை. ஓட்டக் கூடாது. இந்த டேப்பை இனி யாரும் தொடக் கூடாது. இப்படியே இருக்கட்டும். நாளைக்கே விமானம் ஏறவேண்டும். அந்த ஊருக்குப் போய், அந்தக் கைடின் காலில் விழுந்தாவது, அவளைக் கூட்டிவர வேண்டும்.

மேலே தரைப்பலகை முனகியது.

ஜன்னலருகிலிருந்து. ஹாலுக்கு. ஹாலிலிருந்து படிக்கட்டுக் கதவுக்கு.

கதவு திறந்தது. விளக்கைப் போடவில்லை. கம்பளத்தில் ஈரக் கால்கள் பதிகிற சத்தம், ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல்.

பாசி வாசனை.

எழுந்து ஓட நினைத்தார். வெளியே போக இருந்த ஒரே வழி அந்தப் படிதான். மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்து சோபாவில் ஏறினார். பக்கத்தில் சோபா அமிழ்ந்தது. குளிர் அவருடைய சட்டை வழியாக உள்ளே வந்தது.

"என்னங்க பார்க்கறீங்க?"

அலமுவின் குரல். அப்படியே அலமுவின் குரல்.

திரும்பி முகத்தைப் பார்க்க வேண்டும். முடியவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுடுச்சா?" என்றது. ஆசையாகக் கேட்டது. "நல்லா இருந்துதே. இன்னொரு தடவை போடுங்க."

ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. அது பிடுங்கவில்லை. தொடக்கூட இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. முடியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அலமு எதைக் கேட்டாலும் யோசிக்காமல் வருகிற வார்த்தை. சேலை கேட்டபோது, ஊருக்குப் போகக் கேட்டபோது, இரண்டு நிமிஷம் கேட்டபோது எல்லாம் தடங்கலில்லாமல் வந்த வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். இன்றைக்கு அது வரவில்லை.

சோபாவின்மேல் ஈரம் பரவி அவர் தொடையைத் தொட்டது.

"போடுங்க."

கட்டைவிரல் அழுந்தியது.

டேப் பின்னால் ஓடியது. நின்றது. ஏரி. படகு. எண்ணிக்கொண்டிருக்கும் கைடு. அவன் தோளுக்குப் பின்னால் மண்டபம், வெயில், ஆளில்லாத படிகள். கடைசிப் படிக்கும் அப்பால், தண்ணீருக்கு மேலே ஒரே ஒரு கை. இன்னும் வீசிக்கொண்டிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தது அவருடைய தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.