மூன்றாவது முகம்

படத்தில் காஸ்பர் படுத்திருந்தான்.

மை தடவிய அச்சுக்கட்டையிலிருந்து உரித்த ஈரத்தாளை ஓட்டிலி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் மரத்தில் செதுக்கியது நிற்கிற ஆளைத்தான். எலும்புக்கூடாகச் சாவு முரசறைந்து முன்னே போக, தெருத் தடுப்பின்மேல் மூன்று பேர் நிமிர்ந்து நிற்கும் படம் அது. புரட்சிக்காரர்களை நக்கலடிக்கப் பதிப்பாளர் கேட்ட படம். ஓவியர் முகங்களை வரையாமல் விட்டால், தெரிந்தவர் முகங்களைச் செதுக்கிவிடுவது பட்டறை வழக்கம். ஓட்டிலியும் தன் வீட்டில் பீர் குடிக்கும் மூவரைப் போட்டுவிட்டாள்: ரொட்டிக்கடை காஸ்பர், தச்சன் வைட், கணவன் லோரன்ஸ். பாழாய்ப்போன மூவரும் இப்போது ட்ரெஸ்டன் நகரத் தெருவில் நிஜமான தடுப்பின்மேல் நின்றார்கள்.

கட்டையைத் தடவினாள். அதில் காஸ்பர் நின்றுகொண்டுதான் இருந்தான்.

தேவாலய மணி ஓயாமல் அடிக்க, மை வாடையோடு வெடிமருந்துப் புகையும் கலந்து தொண்டையைக் கமறவைக்க, புரட்சியை அடக்க வந்த பிரஷ்யச் சிப்பாய்களின் பீரங்கி ஒவ்வொரு முறை முழங்கும்போதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பட்டப்பகலில், எதிர்வீட்டு ரோசீனா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அடியே, காஸ்பர் போயிட்டான்டி! நெத்தியிலயே குண்டு!"

"ஐயோ! லோரன்ஸ்?"

"அவனுக்கென்ன? பீப்பாயில பீர் இருக்கற வரைக்கும் சாகமாட்டான்." ரோசீனா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுதுகொண்டே போய்விட்டாள்.

என் கண்கோளாறாக இருக்கட்டும் கடவுளே என்று ஓட்டிலி மறுபடி மை தடவினாள். தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாள். உரித்தாள்.

வைட்டும் விழுந்திருந்தான். சாவு முரசை நிறுத்திவிட்டு லோரன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே தெருவில் ஒரு பெண் அலறினாள். "வைட்! ஐயோ, என் வைட்டு!"

அடுத்து லோரன்ஸ்தான். ஆனாலும் அவள் செதுக்குக்காரி. தோண்டிய இடத்தில் மை ஒட்டாது. தாளில் வெறும் வெள்ளைதான் விழும். முகமே இல்லாதவனைச் சாவு எப்படிக் கண்டுபிடிக்கும்?

உளியை எடுத்தாள். கட்டையில் லோரன்ஸின் கண்ணைத் தோண்டினாள். மூக்கை. வாயை. மரத்தூளை ஊதினாள். மறுபடி ஒரு தாள்.

லோரன்ஸ் நின்றுகொண்டிருந்தான். சாவைக் காணோம்.

"பொழைச்சுட்டான்!" என்று வாய்விட்டுக் கத்தினாள். ஆனந்தத்தில் அழுதாள்.

படிக்கட்டில் காலடி. லோரன்ஸின் நடைதான். ஆனால் தடுமாறியது. சுவரில் மோதியது. ஏறியது.

"லோரன்ஸ்? வாயத் திறந்து பேசேன்யா!"

காலடி கதவருகே வந்து நின்றது.

கதவைத் திறந்தாள். அவன் சட்டை. அவன் தலைமுடி. நெற்றிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மழமழவென்று தோல், அதில் உளி இழுத்த கோடுகள்.

தோலுக்கு உள்ளேயிருந்து மூச்சு முட்டியது. தோல் உப்பியது. ஒட்டியது. மூச்சு வழி தேடியது.

அவன் கை துழாவி அவள் கையைப் பிடித்தது. உளியிருந்த கை. அதை இழுத்து, வாய் இருந்த இடத்தில் வைத்து, அழுத்தினான்.