பெரியவளின் முறை

அறை வாசல் குறுகல். வாடகைக் கட்டிலைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. அதை மறுபடி பூட்டி முடிப்பதற்குள் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது. பார்த்துக்கொள்ள இருந்தவள் சின்னவள் ஒருத்திதான். வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு வந்திருந்தாள்.

கூடவே வந்த நர்ஸ் நல்ல பருமன், நல்ல வாய். அம்மாவை எப்படிப் புரட்டுவது என்று செய்து காட்டினாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்தணும்மா. இடது, நேரா, வலது. முழங்காலுக்கு நடுவுல தலையணை. இல்லன்னா முதுகு புண்ணாயிடும். மாத்தினதும் இந்தத் தாள்ல எழுதிடுங்க. எழுதலன்னா செய்யலன்னுதான் அர்த்தம்."

எட்டு நாள் சின்னவள் ஒழுங்காகச் செய்தாள், ஒழுங்காக எழுதினாள். அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொல்லுவாள் என்று இவள் எதிர்பார்த்ததுதான் தப்பு.

அக்கா பெரியவள் இதே அறையில்தான் செத்தாள். இரத்தத்தில் ஏதோ நோய், இருபத்திரண்டு வயது. அன்றைக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவே, பதினாலு வயதுச் சின்னவளைப் பார்த்து, "போறதுதான் போச்சு, இவ போயிருக்கக் கூடாதா" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம், தொட்டதற்கெல்லாம் பெரியவள் பேச்சுதான். செத்துப்போன மாடு குடம் குடமாய்ப் பால் கறந்ததாம் என்பார்களே, அந்தக் கதை. போவதற்கு முன்னால் ஒரு முறையாவது அம்மா தன்னைக் கூப்பிட்டு, "நீதாண்டி எனக்குச் செஞ்சே" என்று சொல்லிவிட வேண்டும். சின்னவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் மதியம் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. மறந்துவிடப் போகிறோமே என்று, இரண்டு மணிக்கு எழுத வேண்டியதைப் பன்னிரண்டுக்கே எழுதிவிட்டாள்: '2.00, வலது.' கூடத்தில் பாயை விரித்துக் கொஞ்சம் சாய்ந்தாள். கண் விழித்தபோது மணி மூன்றரை.

அலறியடித்துக்கொண்டு ஓடினாள்.

அம்மா வலது பக்கம் படுத்திருந்தாள்.

முழங்காலுக்கு நடுவில் தலையணை. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மருந்து வாசனைக்கு நடுவே ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது, யாரோ அப்போதுதான் குளித்துவிட்டு வந்து நின்றதைப் போல. வாசற்கதவு உள்ளே தாழிட்டபடிதான் இருந்தது.

"யாரும்மா திருப்பிப் படுக்க வச்சா?"

"பெரியவ." அம்மாவின் குரலில் அலுப்பு. "வேற யாரு? உன் கை சில்லுன்னு இருக்கும். அவ கை வெதுவெதுன்னு இருக்குது."

மருந்து மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதேபோல் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுக் கூடத்தில் விழித்தபடி படுத்திருந்தாள். இரண்டு அடித்தது.

கட்டில் கிறீச்சிட்டது.

தலையணையைத் தட்டும் சத்தம்.

பிறகு அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைச் சின்னவள் கேட்டுப் பல வருடம் ஆயிற்று. கதவு வரைக்கும் போனாள். உள்ளே யாரோ மெதுவாக, கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டுப் பாய்க்கே திரும்பினாள். பயம்தான். ஆனால் பயத்தை விடத் தூக்கம் பெரிதாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்பாடா என்றும் இருந்தது.

அப்புறம் மதியம் இரண்டோடு நாலு மணியையும் முன்னாலேயே எழுதினாள். பிறகு ஆறு. எழுதியதெல்லாம் எழுதியபடியே நடந்தது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"சின்னப் புண்ணுகூட இல்லயே! பெத்த பொண்ணுன்னா இப்படில்ல இருக்கணும்."

சின்னவள் சிரித்து வைத்தாள். நெஞ்சில் முள் குத்தியது.

அன்றே முடிவு செய்தாள், இனி எல்லாம் நானேதான் என்று. பேனாவைத் தொடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு அம்மாவின் தோளுக்கடியில் கை கொடுத்தாள்.

"ஐயோ! விடுடி! வலிக்குது, அவள வரச்சொல்லு."

"அம்மா, நான்தாம்மா இருக்கேன். உயிரோட இருக்கிறது நான்தான். ஒரு தடவ என்னப் பாரேன்."

அம்மா பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல.

"நீ போய்த் தூங்கு. அவ பாத்துப்பா."

சின்னவள் எழுந்தாள். அழவில்லை. தாளை எடுத்து, இரண்டு, நாலு, ஆறு என்று மிச்சமிருந்த கட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்பினாள். இந்தா அக்கா, நீயே வைத்துக்கொள் என்று பேனாவைக் கட்டிலில் வீசிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

யாரோ வாசற்கதவைத் தட்டியதில் விழித்தாள். ஆறு தாண்டியிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

அம்மா போய்விட்டாள்.

முகம் துடைத்து, தலை சீவி, தாடையைத் துணியால் கட்டி, கண்களை மூடி எல்லாம் செய்து முடித்திருந்தது. செய்வதற்கு இவளுக்கு ஒரு வேலைகூட மிச்சமில்லை. அம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதைப் பார்க்கத்தான் சின்னவளால் தாங்கவில்லை.

போய்க் கதவைத் திறந்தாள். நர்ஸ் நின்றிருந்தாள்.

"யாரு... யாரு உங்களுக்குச் சொன்னா?"

"உங்க அக்காதான் போன் பண்ணாங்க. அம்மா போயிட்டாங்க, தங்கச்சி அசந்து தூங்கறா, மெதுவா வாங்கன்னாங்க. எவ்வளவு பொறுமையான பேச்சு!" நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "மனசத் தேத்திக்குங்கம்மா. வாடகைக் கட்டில நாளைக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்னு சொன்னேன். வேணாம், இருக்கட்டும், இன்னொருத்தருக்கு வேணும்னுட்டாங்க."

பையை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இந்த வீட்டுல வேற யாரும்மா படுக்கையில இருக்காங்க?"