நனையாத காலுறைகள்

ரோசெட்டா ஹேங்க்ஸ் உள்ளே வந்தபோது ஓப்பலின் அழகு நிலையத்தில் மூன்று பெண்கள் தலையில் சுருள்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. இரண்டு வாரமாக அந்த அம்மாளின் மகனைப் பற்றித்தான் அங்கே பேச்சு.

"முடி வெட்ட வரல, ஓப்பல். அவரப் பாக்கணும்."

'அவர்' என்றது பின்னறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்த அம்ப்ரோஸ் டில்லார்டை. எங்கள் ஊர்ப் போலீசில் முப்பத்தோரு வருடம் கொலை வழக்குகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், மனைவியின் தங்கை ஓப்பலின் கடையில் பகலைக் கழிக்கிறார். ஒஹையோவில் எங்கள் ஊரின் கிழக்குப் பக்கத்தில் போலீஸ்காரரிடம் யாரும் வாய் திறப்பதில்லை, ஓய்வு பெற்றவராக இருந்தாலும். ரோசெட்டா அவரைத் தேடி வந்திருக்கிறார் என்றால் மற்றக் கதவுகளெல்லாம் அடைபட்டுவிட்டன என்று பொருள்.

"திங்கக்கிழமை என் பையன் கையெழுத்துப் போடணுமாம்," என்றார் ரோசெட்டா. "குத்தத்த ஒத்துக்கிட்டா பதினஞ்சு வருஷம். வழக்காடித் தோத்தா ஆயுசு முழுக்க. அவனுக்காக வாதாடக் கவர்மென்ட் குடுத்த வக்கீலே 'போட்டுருங்கம்மா'ங்கறான். என் டேரியனுக்கு இருபது வயசு, மிஸ்டர் டில்லார்ட்."

"அவன் சுட்டானா?"

"நீங்களும் அதையேதான் கேக்கறீங்க."

"எல்லார்கிட்டயும் கேப்பேன்."

"சுடல."

வழக்கு இதுதான். நன்றித் திருநாளுக்கு முந்தைய புதன்கிழமை, மாலை நான்கு மணி. கார்வர் தெருவில் பஸ் ஓட்டுநர் நேட் கோல்ஸின் மனைவி இவெட், தன் வீட்டு ஜன்னலருகே நெஞ்சில் குண்டு பட்டு இறந்தாள். சாம்பல் நிறக் கார் ஒன்று போயிற்று, அதிலிருந்து சுட்டார்கள் என்று நேட் சொன்னார். டேரியனின் கார் சாம்பல் நிறம். சத்தம் கேட்டதும் காரை விரட்டிக்கொண்டு ஓடியது உண்மை என்று அவனே ஒப்புக்கொண்டான். வண்டியில் ஒரு துப்பாக்கியும் இருந்தது, அதே அளவுக் குண்டு போடுகிற துப்பாக்கி. இவெட்டைக் கொன்ற குண்டோ எலும்பில் பட்டு நசுங்கி, எந்தத் துப்பாக்கியுடையது என்று சொல்ல முடியாமல் போயிருந்தது.

"எதுக்கு அவனுக்குத் துப்பாக்கி?" என்று கேட்டார் டில்லார்ட்.

"போன வருஷம் அவன் சிநேகிதனச் சுட்டாங்க. அப்புறம் வாங்கினான். பயந்துதான் வாங்கினான். இங்க எல்லாருமே பயந்துதான் வாங்கறாங்க."

ஓப்பல் அதற்குள் மேலங்கியை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியோடு நின்றாள். "சுருள் காயறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வா அம்ப்ரோஸ், கௌம்பு. எனக்கு ஏற்கெனவே ஒரு ஆள் மேல சந்தேகம்."

"உனக்கு எப்பவும் ஏழு பேர் மேல சந்தேகம்."

"இந்தத் தடவ ஒரே ஆள்தான்யா. பஸ்ல நேட்டோட சண்ட போட்டானே, அந்தக் குடிகாரன்!"

அந்தக் குடிகாரன் அன்று முழுவதும் மருத்துவமனையில் கிடந்தான் என்பது பாதி வழியிலேயே ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிட்டது. ஓப்பல் இரண்டு தெரு தூரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

முதலில் நேட்டின் பக்கத்து வீட்டு மிஸ் ஈலாவிடம் போனார்கள். சம்பவத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தவர் அவர்தான். டில்லார்டைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார். ரோசெட்டா அனுப்பினார் என்று ஓப்பல் சொன்ன பிறகே திறந்தார்.

"எத்தன வெடி கேட்டுச்சு, மிஸ் ஈலா?"

"ஒண்ணு. நாங்க எண்ணுவோம்ல? ரெண்டாவதுக்குக் காத்திருந்தேன், வரல. கொஞ்ச நேரத்துல நேட் அலர்ற சத்தம். ஓடினேன்."

"குழந்த எங்க இருந்துச்சு?"

"நடையில நின்னுச்சு, வாயே திறக்காம. ஏழு வயசுப் புள்ள, அம்மா அங்க கெடக்கா. பாக்க விடுவேனா? அப்படியே தூக்கிட்டு வந்து இந்த சோபாவுல உக்கார வச்சேன். புது சோபா பாத்துக்கங்க, வெளிர் மஞ்சள். இதுவரைக்கும் ஒரு கறை கெடையாது. கால்ல வெள்ளக் காலுறையோட இதுலயே சுருண்டு படுத்துக்கிச்சு கெசாயா."

"அப்புறம் அந்த வீட்டுக்குப் போனீங்களா?"

"மறுநாள் போலீஸ் விட்டப்புறம் போனேன். சர்ச் விருந்துக்கு நாப்பது பேருக்குக் கீரை இவெட்டுதான் செய்யறதா இருந்தா. வருஷா வருஷம் அவ கைக் கீரைதான். குளிக்கிற தொட்டி நெறையத் தண்ணி விட்டு ஊற வச்சிருந்தா, பாவம், புதன்கிழம காலையிலயே. அள்ளிட்டு வந்து நான் சமைச்சேன். ஒருத்தரும் வாய்ல வைக்கல." சொல்லிவிட்டு ஈலா அழுதார். ஓப்பலும் கூடச் சேர்ந்து அழுதாள். அவள் எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல.

நேட் கோல்ஸ் ஆறடி இரண்டு அங்குல உயரம். இரண்டு வாரத்தில் உடம்பு பாதியாகியிருந்தது. உள்ளறையில் கெசாயா பொம்மைப் படம் பார்க்கும் சத்தம் கேட்டது. போலீசுக்குச் சொன்னதையே நேட் மறுபடி சொன்னார்.

"சமையல் பொக போகட்டும்னு ஜன்னலத் திறந்து வச்சிருந்தா. கார் போச்சு, வெடி கேட்டுச்சு. கேட்டதும் புள்ளையத் தூக்கிட்டுத் தொட்டிக்குள்ள விழுந்தேன். அவ கீழ, நான் மேல. நூறு எண்ணினோம். எந்திரிச்சு வந்து பாத்தா..."

நேட் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

கார்வர் தெருவில் பிறந்த எவரும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் வீடுகளின் குளியல் தொட்டிகள் பழைய வார்ப்பிரும்பு. மரச் சுவரைத் துளைத்து வரும் குண்டு அதைத் துளைக்காது. வெடி கேட்டால் குழந்தை கீழே, பெரியவர் மேலே, நூறு எண்ணும்வரை எழுந்திருக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் எண்ணக் கற்றுக்கொள்வதே அங்கேதான். டில்லார்ட் தன் வேலைக்காலத்தில் எழுதிய வாக்குமூலங்களில் பாதியிலாவது அந்த வரி இருக்கும்.

"வீட்ல துப்பாக்கி உண்டா, நேட்?"

"இல்ல."

டில்லார்ட் தலையசைத்தார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர், குளிர்பதனப் பெட்டியின் உச்சியைப் பார்த்தார். ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. நடுவே செருப்புப் பெட்டி அளவுக்கு மட்டும் தூசியில்லாத ஒரு சதுரம்.

திரும்பும் வழியில் அவர் பழைய போலீஸ் சகா ஒருவருக்குப் போன் செய்து, குண்டு உடலுக்குள் எந்தப் பக்கமாகப் போயிருக்கிறது என்று மட்டும் கேட்டார். "கீழேர்ந்து மேல," என்று பதில் வந்தது. "வீடு நாலு படி உயரம், கார் தெருவுல. அதனால அப்படி." போலீஸ் அதோடு அந்தக் கேள்வியை மூடிவிட்டது. எங்கள் தெருவில் ஒருத்தி செத்தால் கேள்விகள் சீக்கிரம் மூடிவிடும்.

"சொல்லித் தொலையேன்யா," என்றாள் ஓப்பல்.

"ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சதும் ரோசெட்டாவ நேட் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. எனக்கு இத அவங்க இல்லாம பேசத் தைரியம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சிறிய முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ரோசெட்டா சர்ச்சுக்குப் போட்டுப்போன நீலக் கோட்டைக் கழற்றவில்லை. நேட் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெசாயா உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"கார்ல வர்றவன் ஒரு வெடியோட நிறுத்த மாட்டான்," என்று தணிந்த குரலில் தொடங்கினார் டில்லார்ட். "மிஸ் ஈலா எண்ணினது ஒண்ணு. அது எனக்கு முதல் உறுத்தல். ரெண்டாவது, தொட்டி. அன்னிக்குக் காலையிலேர்ந்து அதுல விளிம்பு வரைக்கும் தண்ணியும் கீரையும். மறுநாள் வரைக்கும் அப்படியே இருந்துருக்கு. அதுக்குள்ள ரெண்டு பேர் விழுந்து நூறு எண்ணியிருந்தா வீடே வெள்ளம். ஆனா கெசாயா காலுறையோட அந்த மஞ்ச சோபாவுல படுத்துருக்கா, ஒரு ஈரக்கறை இல்ல."

ஓப்பல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க பொய்யை யோசிச்சுச் சொல்லல, நேட். நாம எல்லாரும் சொல்றத சொன்னீங்க. வாய் தன்னால சொல்லிருச்சு. எழுதினவனும் தன்னால எழுதிக்கிட்டான். நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். வெடி கேட்டும் நீங்க தொட்டிக்கு ஓடல. ஏன்னா அது தெருவுல வெடிக்கலேன்னு உங்களுக்குத் தெரியும். குளிர்பெட்டி மேல இருந்த பெட்டி எங்க?"

நேட் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஆத்துல. என் ரூட்லதான பாலம். நான்தான் சுட்டேன். காலின்னு நெனச்சு விளையாட்டா..."

"இவெட் அஞ்சடி. நீங்க நின்னு சுட்டா குண்டு கீழ நோக்கிப் போகும். இது மேல நோக்கிப் போயிருக்கு."

நேட் உள்ளறைக் கதவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ரோசெட்டாவுக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

"தொடைக்கலாம்னு எடுத்து, குண்டு இருக்கற மேகசின உருவிட்டேன்," என்றார் நேட், சரியாகக் காதில் விழாத குரலில். "உருவிட்டா காலின்னுதான் நெனச்சேன். குழாயில ஒரு குண்டு தங்கியிருக்கும்னு எவனும் எனக்குச் சொல்லல. டேபிள் மேல வச்சுட்டுக் கை கழுவப் போனேன். ஒரு நிமிஷம் கூட இல்ல. கெசாயா கையில எடுத்துருக்கா... அவளுக்குத் தெரியாது, மிஸ்டர் டில்லார்ட். சத்தம் வெளியேர்ந்து வந்துச்சு, பயத்துல நீ கீழ போட்டுட்டேன்னு சொன்னேன். நம்பிட்டா. கார்னு சொன்னப்ப யாரையும் மனசுல வச்சுச் சொல்லல. ஒரு கார் போச்சு, சொன்னேன். அவங்க போய் ஒரு பையனப் புடிச்சுட்டு வருவாங்கன்னு..."

"புடிச்சுட்டு வந்தாங்க," என்றார் ரோசெட்டா. "பதினாறு நாளா உள்ள இருக்கான். உங்களுக்கு ஒரு புள்ள. எனக்கும் ஒண்ணுதான்."

"தெரியும்மா. ஒவ்வொரு ராத்திரியும் தெரியும்."

"தெரிஞ்சும் இருந்தீங்க."

எழுந்து அறையலாம் என்று கூட ரோசெட்டாவுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியதில் தப்பும் இல்லை.

"ஒரு காலுறைய வச்சு கோர்ட்டுல எதுவும் நிக்காது," என்றார் டில்லார்ட். "டேரியன் வெளிய வரணும்னா நீங்க போய்ச் சொல்லணும், நேட். இன்னிக்கே. நாளைக்குக் காலையில அவன் கையெழுத்துப் போட்டுருவான்."

"போறேன். ஆனா அவ பேரு அதுல வந்தா, வளர்ந்து ஒருநாள் படிப்பா. நான்தான்னு எழுதிக்கங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

டில்லார்ட் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடத்தில் தெரிந்தே ஒரு பொய்யை அவர் எழுதியதில்லை. தெரியாமல் எத்தனை எழுதினார் என்பது இப்போது அவரை அரித்தது. கடைசியில் ரோசெட்டாவைப் பார்த்தார்.

"எனக்கு என் பையன் வீட்டுக்கு வரணும்," என்றார் ரோசெட்டா. "அந்தக் கொழந்த பேரு என் வாயில வராது."

டில்லார்ட் நேட்டின் பக்கம் திரும்பினார். "சுட்டப்ப நீங்க உக்காந்திருந்தீங்களா?"

நேட்டுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "ஆமா," என்றார். "சோபாவுல உக்காந்திருந்தேன்."

"அப்படின்னா அத அங்க போய்ச் சொல்லுங்க. நான் இப்ப போலீஸ் இல்ல."

அப்போது வெளியே யாரோ குப்பைத் தொட்டியின் மூடியைப் படாரென்று அடித்து மூடினார்கள்.

உள்ளறையில் பென்சில்கள் சிதறும் சத்தம். கெசாயா நடையில் ஓடினாள். பழகிய கால்கள். குளியலறைக்குள் புகுந்து காய்ந்த தொட்டியில் குப்புற விழுந்து காதுகளைப் பொத்திக்கொண்டாள். நேட் எழுந்தார். நடைக்கு அருகில் இருந்தவர் ரோசெட்டா. அவர் யோசிக்கவில்லை. அந்தத் தெருவில் பிள்ளை வளர்த்தவள் யோசிக்க மாட்டாள். நீலக் கோட்டோடு தொட்டிக்குள் இறங்கி, தன் உடம்பால் அந்தக் குழந்தையை மூடினார்.

"ஒண்ணுமில்லடா, குப்பத் தொட்டி."

"எந்திரிக்கக் கூடாது," என்றது கீழிருந்து சின்னக் குரல். "நூறு எண்ணணும்."

ரோசெட்டா எண்ணத் தொடங்கினார். குழந்தையும் கூடச் சேர்ந்துகொண்டது. முன்னறையில் நேட் கோட்டை மாட்டிக்கொண்டார். ஓப்பல் கார்ச் சாவியை எடுத்தாள். அறுபத்துமூன்றில் வாசல் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"அப்பா எங்க போறாரு?"

"எண்ணுடா கண்ணு," என்றார் ரோசெட்டா. "அறுபத்துநாலு."