கரிசல் சீட்டுக்கட்டு

1979 ஜூன் 14, வியாழக்கிழமை. காலை 10.10.

ஏசுவடியான் தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. பூட்டில் ஒரு கீறல் கிடையாது. ஐம்பத்திரண்டு சீட்டையும், கூட வைத்திருந்த விளக்கத் தாளையும் காணோம்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போர்டு எழுதுகிறவர் அவர். இரண்டு வருஷம் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாகக் கையால் வரைந்த கட்டு அது. சிவகாசி அச்சகத்துக்காரர் அன்று மாலை நாலு மணிக்கு வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு.

10.45. ஏட்டு நல்லக்கண்ணு வந்தார். பெற்ற தாய் காப்பி கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று ஊரில் பேர் வாங்கியவர்.

"கடைசியா எப்பம் பார்த்தீரு?"

"திங்கக்கிழமை மத்தியானம், ஏட்டையா. பெறகு ஒரு பஸ்ஸுக்குப் பேரு எழுதப் போயிட்டேன். ஒரு மணி நேரம் கடை திறந்துதான் கிடந்துச்சு."

"யாரு யாரு வந்தா?"

"மூணு பேரு வந்ததா எதுத்த டீக்கடையில சொன்னாங்க. காலண்டர் ஏஜெண்டு பெருமாள்சாமி. மனமகிழ் மன்றத்துச் செயலாளர் சங்கரபாண்டி அண்ணாச்சி. பெறகு... தாவூது."

"சாவி?"

"பசை டப்பாவுக்கு அடியில இருக்கும். தாவூதுக்கு மட்டும்தான் தெரியும்."

தாவூது பக்கத்துக் கடை பைண்டர். படம் வரையும் முன்பே, வெற்றுச் சீட்டுக்கு அட்டை ஒட்டி வெட்டிக் கொடுத்தவர். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் கூட்டாளிகள். ஆனாலும் புகார் மனுவில், சந்தேகம் யார்மேல் என்ற இடத்தில், ஏசுவடியான் தாவூது பேரைத்தான் எழுதினார்.

"நாலு மணிக்குள்ள கட்டு வரலைன்னா தாவூதை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார் ஏட்டு. பஜார் முழுக்கப் பார்க்க அப்படி ஒருமுறை நடந்துபோனவன் கடைக்கு, அப்புறம் யார் நோட்டு தைக்கக் கொடுப்பார்கள்?

11.30. ஏட்டு கதவைச் சாத்தினார்.

"சீட்டுல அப்படி என்னவே விசேஷம்?"

"கரிசக்காட்டுச் சீட்டு, ஏட்டையா. ஆடுதன், டைமன் கிடையாது. பருத்தி, மிளகாய், கம்பு, எலுமிச்சை. ராஜா, ராணி, ஜாக்கியும் கிடையாது. எழுத்தே போடலை, வெறும் படம். மேகம்தான் ராஜா. அடுத்தது காளை. வெள்ளாமை பண்ணுத சம்சாரி ஜாக்கி."

"மனுஷன் கடைசியா?"

"மானாவாரிக் காட்டுல வேற என்ன? மேகம் வரணும், காளை இழுக்கணும். அதுக்கு அப்புறம்தானே அவன்."

ஏட்டு சிரிக்கவில்லை. "இந்த வரிசை யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அந்த விளக்கத் தாளுக்கும்தான்."

பரணில் பென்சிலால் போட்ட மாதிரிச் சீட்டுகள் கிடந்தன. ஏட்டு அதில் பதின்மூன்றை உருவிக்கொண்டார்.

2.15. மூவரும் வந்தார்கள். வரைந்து முடித்த படத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்று மூவருமே சாதித்தார்கள். ஏட்டு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, அதே பதின்மூன்றைக் கலைத்துக் கையில் கொடுத்தார்.

"இந்த மாதிரிச் சீட்டு எங்கயாவது பார்த்திருக்கீரா?"

தாவூது சீட்டாடாதவர். இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்ததில் நாலு சீட்டு கீழே விழுந்தது. "நான் அட்டை வெட்டுனதோட சரி, ஏட்டையா." அவர் கண் கலங்கியிருந்தது.

பெருமாள்சாமி அடுக்கினார். மிளகாய் ஒன்பது, பத்து, பக்கத்தில் மேகம், காளை, கடைசியில் சம்சாரி. "பார்த்ததில்ல."

சங்கரபாண்டியின் விரல்கள் பேச்சோடு பேச்சாக ஓடின. ஒன்பது, பத்து, சம்சாரி, காளை, மேகம். "நான் எங்கவே பார்த்தேன்? இது என்னது, மேகமா, புகையா?"

3.20. மூவரையும் சேர்த்து நிறுத்தினார் ஏட்டு.

"அண்ணாச்சி, கட்டை எடுத்துட்டு வாரும்."

"என்னவே உளறுதீரு?" என்றார் சங்கரபாண்டி.

"எழுத்தில்லாத சீட்டு. புதுசாப் பார்க்கிறவன் மனுஷனைத்தான் ராஜான்னு நினைப்பான். பெருமாள்சாமி அப்படித்தான் வச்சாரு. நீரு சம்சாரியைப் பத்துக்குப் பக்கத்துல சொருகி, மேகத்தை உச்சியில வச்சீரு. பார்க்கவே இல்லைன்னு வாய் சொல்லுது. முப்பது வருஷம் ரம்மி ஆடுன விரலு அதுபாட்டுக்கு அடுக்கிட்டு."

சங்கரபாண்டியின் முகம் வெளுத்தது. "ஒரே ஒரு கை ஆடிப் பார்க்கத்தான் எடுத்தேன்வே. மூணு நாளா விட மனசு வரலை. மன்றத்து பீரோவுல இருக்கு."

"சாவி?"

"முந்தின வாரம் போர்டு எழுதச் சொல்ல வந்தேன். இவரு டப்பாவுக்கு அடியில இருந்து சாவி எடுக்கும்போது பார்த்தேன்."

"தாவூது பேரு அடிபட்டப்பவும் வாயைத் திறக்கலையே, அண்ணாச்சி. அதுதான் திருட்டைவிடப் பெரிய தப்பு."

3.50. கட்டு வந்து சேர்ந்தது. ஏசுவடியான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. தாவூதின் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிருலே. ஏட்டையாவே உன்னைத்தான் கூட்டிட்டுப் போறேன்னு..."

தாவூது கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சந்தேகப்படுதது ஏட்டையா உத்தியோகம். நீ எதுக்குலே சந்தேகப்பட்ட?"

அச்சகத்துக்காரர் வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். ஏசுவடியானுக்கு அது காதில் விழவில்லை.