தங்கசாமியின் முதுகில் ஒரு வண்டி

வீரம்மாளுக்கு வலது தோள் இற்றுவிழுவது போல் வலித்தது. நேற்றுப் பொழுது சாயும்வரை சுத்தி பிடித்து ஜல்லி உடைத்த தோள். இன்று விடியும் முன்னே அதே தோளில் நனைந்த சாக்கு. காய்ந்த சாக்கு ஒரு கனமே இல்லை. தம்பி நனைத்த சாக்கு ஆள் கனம் கனக்கும்.

பின்னால் தங்கசாமி வந்துகொண்டிருந்தான். குதிகால் தரையில் படாமல், இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு நடந்தான். அவனுக்கு ஏழு வயது. நாலு வயதில்தான் நடக்கவே ஆரம்பித்தான். பேச்சு மூன்றே சொல்தான்: அக்கா, கூழு, வண்டி. மற்றதையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துச் சொல்வான்.

"மெதுவா வாடா சாமி. வாய்க்கா ஓடிப்போயிடாது."

"வண்டி" என்றான் தங்கசாமி.

"வண்டியும் ஓடிப்போயிடாது."

பெரம்பலூரைத் தாண்டி, திருச்சி போகிற ரோட்டில் வேலை நடந்தது. சண்டைக் காலம். பட்டாள லாரிகள் ஓடுவதற்காக ரோட்டை அகலமாக்கினார்கள். ரோட்டோரம் பத்துக் குடும்பங்கள் கல் உடைத்தன. பத்துக் குடும்பமும் படுக்க ஒரே கீற்றுக் கொட்டகை. வீரம்மாளின் அப்பா அஸ்ஸாம் பக்கம் ரோடு போடப் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. கடுதாசி ஒன்றுகூட இல்லை. அம்மா பொன்னுத்தாயும், வீரம்மாளும், தங்கசாமியும், பிறந்து இரண்டே மாதமான பாப்பாவும்தான் இங்கே.

தங்கசாமி ராத்திரியில் தூக்கத்திலேயே நனைத்துவிடுவான். கொட்டகைத் தரை சரிவு. அவன் நனைத்தால் அது நேராக உண்ணாமலை அத்தையின் படுக்கைக்குப் போகும். சண்டை வந்ததிலிருந்து துணி கிடைப்பதே பெரும்பாடு. உண்ணாமலையிடம் இருந்தது ஒரே சேலை. அதைத்தான் உடுத்தவும் வேண்டும், போர்த்தவும் வேண்டும்.

"எத்தன நாளுக்குத்தான் நான் ஈரத்துல கெடக்கறது? ஒரு சேலையத் தொவச்சுப் போட்டுட்டு நான் சாக்குக்குள்ளயா பூந்துக்குவேன்?" என்று அவள் ஒருநாள் சத்தம் போட்டாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. மேஸ்திரி முத்துசாமி தீர்ப்புச் சொன்னார். "பையன் வெளியில படுக்கட்டும். அக்காக்காரி தொணைக்குப் படுத்துக்கட்டும். மழை எறங்குறதுக்குள்ள நனைக்கறது நின்னா சரி. நிக்கலன்னா அரியலூர்ல ஒன் கொழுந்தன் வூட்ல கொண்டுபோய் வுட்டுடு பொன்னுத்தாயி."

பொன்னுத்தாய் தலையாட்டினாள். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே படுக்க அவளால் முடியாது. வேலையை விட்டுப் போகவும் முடியாது.

அரியலூர்ச் சித்தப்பா வீட்டை வீரம்மாளுக்குத் தெரியும். அங்கே தம்பிக்கு மாட்டுக் கொட்டில்தான். போன முறை போனபோது அவனைக் கன்றுக்குட்டி பக்கத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். கன்றுக்குட்டியின் கயிறாவது நீளமாக இருந்தது.

அன்றிலிருந்து அக்காளும் தம்பியும், ஜல்லியை நசுக்குகிற ரோடு எஞ்சின் பக்கத்தில் படுத்தார்கள். நெருப்பு அணைந்த பிறகும் அதன் இரும்பு கொஞ்ச நேரம் சூடாக இருக்கும். வீரம்மாள் அதில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். கொட்டகைக்குள் யாரோ கதை சொல்வது கேட்கும். எல்லோரும் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் கேட்காது.

பகலிலும் அப்படித்தான். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தங்கசாமிக்கு அது ஒரு விளையாட்டு. அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவான். வீரம்மாள்தான் நின்றுவிடுவாள்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரு தாயத்து வாங்கி அவன் அரைஞாணில் கட்டினாள். கோயில் பூசாரி கொடுத்த செப்புத் தகடு. தர்காவில் ஓதிக் கொடுத்த தகரக் குப்பி. சந்தையில் ஒருவன் விற்ற ஈயக் குழாய். போன வாரம் நாலாவதாக ஒரு பித்தளை. முன்பக்கம் கட்டினால் தங்கசாமி இழுத்து வாயில் போட்டுக் கடிப்பான். அதனால் நாலையும் பின்பக்கமாகத் தள்ளி, அரைஞாணை இறுக்கிக் கட்டிவிட்டாள். அவன் நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும்.

"வண்டி மாடு வருது, வழி வுடுங்க!" என்பாள் உண்ணாமலை.

"வண்டி!" என்று தங்கசாமி சந்தோஷமாகச் சொல்வான்.

அன்று காலை வாய்க்காலில் சாக்கை அலசிப் போட்டுவிட்டு, தம்பியைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திக் குளிப்பாட்டினாள் வீரம்மாள். ஒரு பிடி வைக்கோலைச் சுருட்டி, முதுகெலும்புக்கு வலப்புறமாக மேலிருந்து கீழே இழுத்தாள். தங்கசாமியின் இடுப்பு வலப்பக்கம் வெடுக்கென்று வெட்டியது. உடனே ஒண்ணுக்கும் போனான்.

"ஏண்டா, இப்பத்தானே போன?"

தங்கசாமியே தன் காலைக் குனிந்து ஆச்சரியமாகப் பார்த்தான்.

வீரம்மாள் இடப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். இடுப்பு இடப்பக்கம் வெட்டியது. இரண்டு சொட்டு விழுந்தது. தோளைத் தேய்த்தாள், ஒன்றுமில்லை. வயிற்றைத் தேய்த்தாள், சிரித்தான். மறுபடி முதுகு. மறுபடி வெட்டு. இவன் வேண்டுமென்று செய்யவில்லை. தூண்டிலில் மாட்டிய மீன் துள்ளுகிற மாதிரி, அது தானாக நடந்தது.

இடுப்புக்கு மேலே பார்த்தாள். சரியாக அதே இடத்தில் நாலு தாயத்தும் பதிந்து, தோல் சிவந்து கிடந்தது.

மத்தியானம் கூழ் குடிக்கிற நேரத்தில் பாப்பாவைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் குப்புறப் போட்டாள். விரலால் மெதுவாக முதுகோரம் கோடு இழுத்தாள். பாப்பாவின் குட்டி இடுப்பு அந்தப் பக்கமே வளைந்தது. வீரம்மாளின் பாவாடையும் நனைந்தது.

"அம்மா! இங்க பாரும்மா! பாப்பா செய்யறதையே தம்பியும் செய்யறான்!"

"பாப்பா செய்யறதையெல்லாம்தான் அவன் செய்யறான். அதுதானே என் தலையெழுத்து" என்றாள் பொன்னுத்தாய். அவள் கண் மூடியிருந்தது. காலையிலிருந்து ஒரு பெட்டி ஜல்லி உடைத்திருந்தாள்.

"அது இல்லம்மா. முதுகுல எது பட்டாலும் அவனுக்கு வந்துடுது. தாயத்து ராத்திரி பூரா அங்கதான் கெடந்து கீறுது. அவன் என்னா பண்ணுவான்? அவுத்துடலாம்மா."

பொன்னுத்தாயின் கண் திறந்துகொண்டது. "என்னாடி சொன்ன? புள்ள இடுப்ப வெறும் இடுப்பாக்கச் சொல்றியா? நாக்க அறுத்துடுவேன்."

வீரம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"அரைஞாண் இருக்கட்டும். தாயத்த மட்டும் கையில கட்டுவோம். பூசாரியே தன் தாயத்தக் கையிலதானே கட்டியிருக்காரு? கையில இருந்தா மட்டும் சாமிக்குக் கண்ணு தெரியாதா?"

பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "எப்படியோ போ. ஒண்ணு தொலைஞ்சாலும் ஒன்னத்தான் கேப்பேன்."

நாலு தாயத்தும் தங்கசாமியின் மேல்கைக்கு ஏறின. அரைஞாண் ஒரு விரல் நுழையும்படி தளர்ந்தது. தாயத்தை வாயால் பிடிக்க அவன் கழுத்தைத் திருப்பினான். எட்டவில்லை. உடம்பைத் திருப்பினான். அப்படியே சுற்றிச் சுற்றி வந்து, வால் பிடிக்கப் பார்த்த நாய்க்குட்டி போல் உட்கார்ந்துவிட்டான்.

அன்று ராத்திரி வீரம்மாள் நம்பிக்கையோடு தூங்கினாள். விடிகாலையில் சாக்கைத் தொட்டாள்.

ஈரம்.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டாலும் கேட்க யாருமில்லை. பிறகு ஈரச் சாக்கைத் தூக்கினாள். அடியில் தரை தெரிந்தது. தரையெல்லாம் ஜல்லிச் சில்லு. கல் உடைக்கிற இடத்தில் அது இல்லாத இடம் ஏது? அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுருக்கென்று குத்தியது.

"அட, நீ வேறயா?" என்று அந்தச் சில்லைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சில்லையெல்லாம் கூட்டித் தள்ளினாள். வாய்க்கால் மணலைக் கூடையில் அள்ளிவந்து ஒரு சாண் உயரம் கொட்டினாள். வலித்த தோள் இன்னும் வலித்தது. ஆறு கூடை மணலுக்கு வேறு தோள் இல்லை.

இன்னொன்றும் செய்தாள். முதுகு எது பட்டாலும் பயப்படுகிறது, அதனால் அதற்குப் பழக்கம் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கசாமியைக் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு உள்ளங்கையையும் முதுகின் இரு பக்கமும் வைத்தாள். ஒரே நேரத்தில், மெதுவாக, மேலிருந்து கீழே கொண்டுவந்தாள்.

"இது பெரம்பலூர். வண்டி கெளம்புது. மெதுவா, மெதுவா, மாடு மெரளக் கூடாது. அரியலூர் வந்துடுச்சு, எறங்குங்க!"

அரியலூர் என்று சொன்னதும் அவளுக்கே பிடிக்கவில்லை. "அரியலூர் வேணாம். வண்டி நம்ம எஞ்சினுக்கே திரும்பி வருது" என்று மாற்றிக்கொண்டாள்.

முதல் நாள் இடுப்பு இப்படியும் அப்படியும் துள்ளியது. வாய்க்காலோரம் கூட்டிப்போய் ஒண்ணுக்கு இருக்கச் செய்து படுக்க வைத்தாள். காலையில் பாதிச் சாக்குதான் ஈரம். அடுத்த இரண்டு நாளும் மறுபடி முழுச் சாக்கு. நாலாம் நாள் காய்ந்திருந்தது. அவள் நம்பாமல் நாலு மூலையையும் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஈரம். ஆறாம் நாளிலிருந்து தொடர்ந்து காய்ந்தே இருந்தது.

பொழுது சாய்ந்தால் தங்கசாமியே சட்டையைத் தூக்கிக்கொண்டு குப்புறப் படுத்து, "வண்டி!" என்பான். இடுப்பின் துள்ளல் நாளுக்கு நாள் குறைந்தது. இது எல்லாப் பிள்ளைக்கும் பலிக்குமா என்று வீரம்மாளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது இந்த ஒரு முதுகுதான்.

ஐப்பசி பிறந்தது. அம்மா தங்கசாமியின் சட்டையை மூட்டை கட்டி வைத்ததை வீரம்மாள் பார்த்தாள்.

"அம்மா, அவன் நனைக்கறதில்லம்மா. நாந்தான் சொல்றேன்ல?"

"நீ சொல்லுவ. அவனுக்காக நீ எதையும் சொல்லுவ. மேஸ்திரி கேக்கணுமே?"

அன்று இருட்டியதும் மழை இறங்கியது. எஞ்சின் இரும்பு சில்லென்று ஆனது. மணல் கரைந்து ஓடியது. வீரம்மாள் சாக்கைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு, தம்பியை இழுத்துக்கொண்டு, கொட்டகை வாசலில் போய் நின்றாள். உள்ளே அரிக்கேன் வெளிச்சத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. பொன்னுத்தாய் மட்டும் பாப்பாவோடு எழுந்து நின்றாள்.

"காலையில அரியலூர் பஸ்ஸு உண்டு. இந்த ஒரு ராத்திரி வாசல்ல ஒண்டிக்கங்க" என்றார் மேஸ்திரி.

"அவன் எட்டு நாளா நனைக்கல" என்றாள் வீரம்மாள்.

"யாரு பாத்தா?" என்றாள் உண்ணாமலை.

"பாக்க வேணாம் அத்த. மோந்து பாருங்க." வீரம்மாள் பாவாடைக்குள்ளிருந்து சாக்கை எடுத்து நீட்டினாள்.

உண்ணாமலை தயங்கினாள். கொட்டகையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மூக்கை ஓரமாக வைத்தாள். பிறகு நடுவில் வைத்தாள். பிறகு புரட்டிப் போட்டு மோந்தாள்.

"என்னா?" என்றார் மேஸ்திரி.

"சாக்கு நாத்தம்தான் அடிக்குது."

"நல்லாப் பாரு."

"இதுக்கு மேல பாக்கணும்னா நீங்க வந்து மோந்து பாருங்க." உண்ணாமலை தன் படுக்கையைச் சுவரோரம் இழுத்து இடம் விட்டாள். "வாடா வண்டி மாடு. படு. இன்னிக்கு மட்டும் நனைச்சின்னா ஒன்னப் புழிஞ்சு காயப் போட்டுடுவேன்."

நடுராத்திரியில் உண்ணாமலை அலறினாள். "நனைஞ்சுபோச்சு! நனைச்சுட்டான்!"

வீரம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். மேஸ்திரி அரிக்கேனைத் தூக்கினார். தங்கசாமி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடியில் சாக்கு காய்ந்திருந்தது. உண்ணாமலையின் சேலைதான் ஈரம். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. உண்ணாமலையின் மூக்கில் சரியாக விழுந்தது.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இந்தத் தடவை வீரம்மாளுக்குத் தெரிந்தது. அவளும் சிரித்தாள்.

பொழுது விடிந்தது. பொன்னுத்தாய் மூட்டையைப் பிரித்து, சட்டையை எடுத்துத் தங்கசாமிக்கு மாட்டிவிட்டாள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"சரி, இனிமே இங்கயே படுங்க. என்னிக்காச்சும் ஒருநாள் நனைச்சாலும் பரவால்ல. தொவைச்சுக்கலாம்."

"நாங்க இருவத்து மூணு ராத்திரி வெளியில கெடந்தோம் மேஸ்திரி. அதுக்கு என்னா?" என்றாள் வீரம்மாள்.

மேஸ்திரி உண்ணாமலையைப் பார்த்தார். உண்ணாமலை கூரையைப் பார்த்தாள்.

கல் உடைக்கப் போகிற நேரம் ஆனது. வீரம்மாள் சுத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கொட்டகை தங்கசாமிக்கும் அவளுக்கும் இருபத்து மூன்று ராத்திரி கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.