எஞ்சின் இல்லாத இடம்

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். ஷெட்டுக்குச் சொந்தக்காரி நாகம்மா, வாசலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெல்டர் மாரிசாமி, கவிழ்த்து வைத்த பெயிண்ட் டிரம்மின் மேல். ஹரீஷ்குமார் காருக்கு நேர் முன்னால் தரையில் சம்மணம் போட்டிருந்தான். அவன் மனைவி சரிதா இடது முன்சக்கரத்துக்கு எதிரே ஒரு காலிப் பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பொரியையும் பொட்டுக்கடலையையும் கலந்துகொண்டிருந்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் அவள் ஒருத்தி மட்டும் அதைப் பார்த்தாள்.

கார் பெங்களூர் டாக்டர் ராமப்பனுடையது. சிவப்பு நிறம், மேற்கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். அவருடைய அப்பா வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூர் ரோடுகளில் குட்டிக் கரண்டு கார்கள் தென்பட ஆரம்பித்திருந்த காலம் அது. இதையும் அப்படி மாற்றித் தர முடியுமா என்று டாக்டர் ஊரெல்லாம் விசாரித்து, கடைசியில் ஓசூரில் ஹரீஷிடம் வந்து சேர்ந்தார். சிப்காட்டில் ஒரு பேக்டரியில் பேட்டரி போர்க்லிப்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஆட்குறைப்பில் வேலை போய், வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தவனை இந்தக் கார்தான் எழுப்பி உட்காரவைத்தது. அதனாலேயே சரிதாவுக்கும் அந்தக் காரைப் பிடித்திருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் சால்டரிங் செய்து பழகிய கை அவளுடையது. ஷிப்டு முடிந்து வந்ததும் கேபிள் முனைகளை அவளே பற்றவைத்துக் கொடுப்பாள்.

பழைய எஞ்சினைக் கழற்றி டாக்டரிடமே அனுப்பியாகிவிட்டது. அந்த இடத்தில் மாட்ட வேண்டிய மோட்டார் இன்னும் வரவில்லை. பாரம் போனதில் காரின் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சரிதா கையை அகல விரித்து நுழைக்கலாம்.

ஸ்பேனர், டிரில் மிஷின், சால்டரிங் ராடு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. வண்டிக்கு மட்டும் ஹரீஷ் முகப்பில் பொட்டு வைக்க மாட்டான். பேக்டரி நாட்களிலிருந்தே அவன் வழக்கம் அது. மூடியைத் திறந்து மோட்டாருக்குத்தான் வைப்பான். உயிர் அங்கேதானே இருக்கிறது என்பான். அன்றும் பானெட்டைத் திறந்தான். உள்ளே வெறும் பள்ளம். எஞ்சின் உட்கார்ந்திருந்த ரப்பர்களுக்குப் பொட்டு வைத்து, நடுவில் வாழை இலைத் துண்டைப் போட்டு, பொரியை வைத்து, கற்பூரத்தை ஏற்றினான்.

"வராத மருமகளுக்கு ஆரத்தி எடுக்கிற மாதிரில்ல இருக்கு அண்ணாச்சி," என்றான் மாரிசாமி. விருதுநகர்ப் பக்கத்துக்காரன்.

"எப்பிடியும் வரப்போவுது இல்ல. எடத்துக்குக் காட்டி வெச்சிடறேன்," என்று சிரித்த ஹரீஷ், பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னான்: "வந்து உக்காரு சாமி."

கற்பூரம் அடங்கி, கறுப்புப் புகை ஒரு நூலாக மேலே போய், தின்னர் வாசனையோடும் செவ்வந்தி வாசனையோடும் கலந்துகொண்டிருந்தபோது ஸ்பிரிங் மெல்ல முனகியது. கட்டிலில் ஆள் உட்காரும்போது வருமே, அந்த முனகல். சரிதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்கார்டு இறங்கியது. அவள் கை நுழைந்த இடைவெளியில் இரண்டு விரல் நுழைந்தால் அதிகம். கார் நேராக நின்றது.

சத்தம் கேட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை நகர்த்திவிட்டோம் போலிருக்கிறது என்று மாரிசாமி சொன்னான். நாகம்மா பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

பிறகு மோட்டார் வந்தது. மாட்டினார்கள். பேட்டரிகளையும் வரிசையாக உள்ளே அடுக்கினார்கள். அத்தனை பாரம் ஏறியும் மூக்கு ஒரு இழைகூட இறங்கவில்லை. பாலன்ஸ் இவ்வளவு கச்சிதமாக அமையும் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஹரீஷ் குழந்தை போலச் சந்தோஷப்பட்டான்.

ஓசூரில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரு சாயங்காலம் சரிதா ஸ்கூட்டியில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகையில், பேகலூர் ரோட்டு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. அவன் உட்கார்ந்திருந்தால் பின்சக்கரம் அங்கே கட்டாயம் அடிவாங்கும். அன்று அடிக்கவில்லை. அவனை எங்கேயோ இறக்கிவிட்டு வந்துவிட்டோமோ என்று திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் இருந்தான். தோளின் மேல் அவன் கை இருந்தது. பார்த்த பிறகுதான் கை இருப்பதே தெரிந்தது.

சரியாகச் சாப்பிடாமல் வேலை செய்கிறான், இளைத்துவிட்டான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சட்டை தொளதொளக்கவில்லை. கன்னம் ஒட்டவில்லை. ஆள் அதே ஆள்தான். பாயில் அவன் புரண்டால் பாய் சரசரக்கவில்லை. தலையணையை எடுத்து முகர்ந்தால் துணி வாசனைதான் வந்தது. அவன் தலை எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை அதில் இல்லை. வருஷக்கணக்காக அவளைத் தூங்கவிடாமல் அடித்த குறட்டையும் நின்றுபோயிருந்தது. சின்ன விசிலோடு முடியும் குறட்டை அது.

அதை அவள் மறுபடியும் கேட்டது ஷெட்டில்.

பவர் கட் நேரம். பக்கத்துப் பட்டறைகளின் இரைச்சல் ஒரே மூச்சில் அடங்கிவிட, தகரக்கூரையில் தைல மரச் சருகு உரசுவதுகூடக் கேட்கும் அமைதி. ஹரீஷ் அவளுக்குப் பக்கத்தில் நின்று கேபிளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். மூடிய பானெட்டுக்குள்ளிருந்து அது வந்தது. நீளமாக இழுத்து, ஒரு கணம் நின்று, விசிலோடு முடிந்தது. மறுபடி இழுத்தது. சரிதா குனிந்தாள். பானெட் வெதுவெதுவென்று இருந்தது. தலை எண்ணெய் வாசனை. வியர்வை. இத்தனை நாளாகத் தலையணையில் அவள் தேடிய வாசனை.

"என்னாங்க, உங்களுக்குக் கேக்கலியா?"

"எது?" என்றான். டேப் சுற்றிய கை நிற்கவில்லை.

அந்த வாரமே அவனைப் பாரூருக்கு, அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். கார் எக்கேடோ கெடட்டும். ஆள் கிடைத்தால் போதும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அவனைக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவன் மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். ஓசூரைத் தாண்டியதும் குரல் தேய்ந்தது. பிறகு வாய் மட்டும் அசைந்தது. சூளகிரி மலை கண்ணில் பட்டபோது அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது; காய்ந்த துண்டை மேலே போட்டது போலத்தான் இருந்தது. அவன் கையைப் பிடித்தாள். விரல்கள் மடிந்தன. மடியக் கூடாத இடத்தில் மடிந்தன. ஜன்னல் காற்றில் அவன் கன்னம் படபடத்தது.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். மயக்கமா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றாள். அவனை ஒரு கையாலேயே இறக்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி, ஓசூர் நெருங்க நெருங்க அவன் நிமிர்ந்தான். குரல் வந்தது. விட்ட இடத்திலிருந்து மோட்டாரைப் பற்றிப் பேசினான்.

அவனை வீட்டில் விட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்தவள், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். மாரிசாமி ஏன் என்று கேட்கவில்லை. அவனும் கொஞ்ச நாளாகவே வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுகிறவனாகத்தான் இருந்தான். பேட்டரிகளை இறக்கினான். மோட்டாரையும் செயின் போட்டுத் தூக்கி வெளியே வைத்தான்.

"எல்லாத்தையும் எறக்கியாச்சு மதினி. மூக்கு ஏற மாட்டேங்குது."

ஜாக்கி வைத்தார்கள். ஜாக்கி தரைக்குள் இறங்கியது. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த நாகம்மாவிடம், என்ன செய்யலாம் என்று சரிதா கேட்டாள். பூசணிக்காய் சுற்றலாமா, யாரையாவது கூப்பிடலாமா என்று கேட்டாள்.

"காலியா கெடந்த எடத்துல பூ வெச்சி, பொரி வெச்சி, வந்து உக்காருன்னா யாரோ ஒருத்தர் வந்து உக்காரத்தாம்மா செய்வாங்க," என்றாள் நாகம்மா. "எவுரு நீவு, யாரு நீன்னு கேக்கலியே நாம. பேரு தெரியாதவங்கள எப்பிடிம்மா எந்திரின்னு சொல்றது?"

உள்ளே குறட்டை ஒரு முறை தடுக்கி, மறுபடி சீரானது.

அன்றிலிருந்து சரிதா தினமும் சாயங்காலம் பானெட்டின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். வேறு எங்கே போவாள்? அவன் மூச்சு அங்கே இருந்தது. சூடு அங்கே இருந்தது. வீட்டில் நடமாடியது கதவைத் திறந்துவைத்தால் காற்றோடு சுவர்ப்பக்கம் நகர்ந்துபோனது. சிரித்த முகத்தோடுதான் நகர்ந்தது.

டாக்டர் போன் செய்தார். வேலை முடிந்ததோ இல்லையோ, லாரி அனுப்புகிறேன், மீதியைப் பெங்களூரில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். காரை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சரிதா கேட்டாள். அப்பாவின் வண்டி, அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்று அவர் தன்மையாகவே சொல்லிவிட்டார். போனில் சொல்ல முடியாததை எழுதி அனுப்புகிறேன், அதைப் படித்துவிட்டு லாரி அனுப்புங்கள் என்றாள்.

ஷெட்டிலேயே உட்கார்ந்து எழுதினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, வரி கோணாமல் எழுதினாள்.

"ஐயா, வண்டி ஓடும்போது சத்தம் வராது. நிற்கும்போது சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அது குறட்டை. பானெட்டை ஓங்கி அடித்துச் சாத்த வேண்டாம். மழையில் நிறுத்த வேண்டாம். வண்டியோடு என் வீட்டுக்காரரும் வருவார். அவர் வண்டியை விட்டுத் தூரமாக இருக்க முடியாது. அதன் பக்கத்திலேயே ஒருவருக்குப் படுக்க இடம் கொடுத்தால் போதும். சாப்பாடு அதிகம் ஆகாது. லாரியில் வரும்போது அவரைக் கயிற்றால் கட்டிவிடச் சொல்லுங்கள். காற்றில் போய்விடக் கூடாது."

கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து, பசையை நக்கி மடித்தாள். ஹரீஷ் பக்கத்தில் நின்றான். ஒட்டித் தருகிறேன் என்று கட்டைவிரலை வைத்தான். அழுத்தினான். எடுத்ததும் மடிப்பு விரிந்துகொண்டது. மறுபடி அழுத்தினான். விரிந்துகொண்டது. அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

"விடுங்க, நான் பாக்கறேன்."

சரிதா தன் கட்டைவிரலை வைத்தாள். நகம் வெளுக்க அழுத்தினாள். உள்ளங்கையை வைத்தாள். எழுந்து நின்று உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தாள்.

எடுத்தாள்.

மடிப்பு மெதுவாக விரிந்தது.

பெட்டியின் மேல் மறுபடி உட்கார்ந்தாள். பெட்டி கிறீச்சிடவில்லை. பிறகு கடிதத்தை வெளியே எடுத்து, 'ஒருவருக்கு' என்பதை அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் 'இருவருக்கு' என்று எழுதினாள். 'அவரை' என்றிருந்ததை 'எங்களை' என்று மாற்றினாள். கடிதத்தைத் திரும்பக் கவரில் போட்டு, மாரிசாமியைக் கூப்பிட்டாள்.

அவன் கவரை வாங்கி, வேறு சமதளம் இல்லாததால் பானெட்டின் மேல் வைத்து, கையை மடக்கி ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். ஒட்டிக்கொண்டது.

குத்திய அதிர்ச்சியில் உள்ளே குறட்டை நின்றது. யாரோ புரண்டு படுத்தார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் புரண்டார்கள். கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன.

மாரிசாமி சரிதாவின் கைகளைப் பார்த்தான். கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகளும் மடியில் அசையாமல் கிடந்தன.

அவன் கவரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தன் பைக்கை உதைத்துக் கிளப்பி, திரும்பிப் பார்க்காமல் தபாலாபீசுக்குப் போனான்.